வாக்ஸ் போடும் நாளை இரண்டு முறை தவறவிட்டேன்

காருக்கு வாக்ஸ், அதாவது மெழுகுப் பூச்சு, போடுவதில் நான் இரண்டு முறை தவறியிருக்கிறேன். பட்டறையில் பெயின்ட் அடித்து வந்த கதவுக்கு ஒன்பதாம் நாளே போட்டது முதல் தவறு. ஷோரூமிலிருந்து வந்த புதுக் காருக்கு மூன்று மாதம் போடாமல் வைத்திருந்தது இரண்டாவது. இரண்டையும் இடம் மாற்றிச் செய்திருந்தால் இரண்டு வண்டிகளுமே தப்பியிருக்கும். முதல் தவறில் பட்ட சூடுதான் இரண்டாவது தவறைச் செய்ய வைத்தது என்பதால், நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் வண்டி அடர்நீல நிற செடான். ஒரு நவம்பர் மாத மழையில், கோடம்பாக்கம் மேம்பால இறக்கத்தில், ஓர் ஆட்டோ வலது பின்கதவை நீளவாக்கில் உரசிவிட்டுப் போனது. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த டிங்கரிங் பட்டறையில் நசுங்கலை எடுத்து, பட்டி போட்டு, வாட்டர் பேப்பரால் தேய்த்து, பிரைமர் அடித்து, நிறமும் அதன் மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமில்லாப் பூச்சும் அடித்து ஐந்தாம் நாள் வண்டியைக் கொடுத்தார்கள். தகரக் கொட்டகைதான் பட்டறை. பெயின்டைச் சூடேற்றி இறுக்கும் மூடிய அறையான பூத் கிடையாது. கதவு கண்ணாடி போல மின்னியது. அந்த மினுமினுப்பைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையில், கடையில் விற்கும் டப்பா வாக்ஸை வாங்கி வந்து, மழை விட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவிலேயே உட்கார்ந்து வட்ட வட்டமாகத் தேய்த்தேன். துடைத்த துணியில், பெயின்டை இளக்கக் கலக்கும் தின்னரின் வாடை அடித்தது. அதை அப்போது நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று இரவு தெருவிளக்கு வெளிச்சத்தில் வித்தியாசம் தெரிந்தது. முன்கதவில் விளக்கின் பிம்பம் ஊசி குத்தினாற்போல் கூர்மையாக இருந்தது. பின்கதவிலோ கொதிக்கும் பாத்திரத்தின் ஆவிக்குப் பின்னால் தெரிவது போல மங்கிக் கலங்கியிருந்தது. விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்கள் வட்டமாகப் படர்ந்திருந்தன.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். பெயின்ட் அடித்தவர் வயதில் மூத்தவர். கதவைத் திறந்து, கீழ் விளிம்பில், வெளியே தெரியாத இடத்தில், கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். பிறை போல ஒரு தடம் விழுந்தது. விரலால் நீவினார், தடம் போகவில்லை. “தம்பி, உள்ளுக்குள்ள இன்னும் களியாத்தான் இருக்கு. மேல தோல் கட்டியிருக்கு, அவ்வளவுதான். அதுக்குள்ள தேய்ச்சா என்ன ஆகும்?” என்றார். மழைக்காலத்தில் சற்றுக் கனமாக அடித்ததால் மங்கல் ஓரளவு எப்படியும் வந்திருக்கும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. கீறல்கள் முழுக்க என் கைவேலை.

இன்றைக்குப் பட்டறைகளில் அடிக்கும் பெயின்ட் பெரும்பாலும் டூ-கே எனப்படும் வகை. அதில் இறுகச் செய்யும் ஹார்டனரைக் கலந்த பிறகு இரண்டு வேலைகள் சேர்ந்து நடக்கின்றன. ஒன்று, தின்னர் ஆவியாகி வெளியேறுவது. மற்றொன்று, பெயின்டிலுள்ள பிசினும் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட்டும் வினைபுரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுவது. பூத்தில் ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால் வண்டியை ஓட்டிப் போகும் அளவுக்கு இறுகிவிடும். ஆனால் மேற்பரப்பு தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்த பிறகும், அடியில் இருக்கும் பிரைமரிலும் பட்டியிலும் தங்கிய தின்னர் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்துகொண்டிருக்கும். அதனால்தான் பெயின்ட் கம்பெனிகள் பொதுவாக 30 முதல் 90 நாள் வரை வாக்ஸ் போடாமல் இருக்கச் சொல்கின்றன. திறந்த கொட்டகையில், மழைக்காலத்தில், கனமாக அடித்த பெயின்டுக்கு 90 நாள் என்றே வைத்துக்கொள்வது நல்லது. பூத்தில் சூடேற்றி, வெயில் காலத்தில் அடித்ததென்றால் 30 நாளில் நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, 60 நாளில் துணிந்து போடலாம் என்பது என் கணக்கு. பழைய என்.சி. வகைப் பெயின்டை இன்னும் சில சிறு பட்டறைகள் அடிக்கின்றன. அதில் ஹார்டனரே கிடையாது. தின்னர் போவதொன்றே இறுகும் வழி. ஆகவே எந்த வகை அடித்தார்கள், சூடேற்றினார்களா என்ற இரண்டையும் வண்டியை எடுக்கும்போதே கேட்டு, பில்லின் பின்புறம் எழுதிக்கொள்வது நல்லது.

வாக்ஸ் போட்டால் தின்னர் உள்ளேயே அடைபட்டுவிடும் என்று பலரும் சொல்வார்கள். மெழுகுப் படலம் அவ்வளவு இறுக்கமான மூடியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. சாதாரண வாக்ஸிலுள்ள கார்னாபா என்ற மெழுகு மிக மெல்லிய படலமாகத்தான் நிற்கும். வெயிலிலும் கழுவலிலும் சில வாரங்களில் போயும்விடும். செயற்கைப் பூச்சுகளான பாலிமர் சீலன்டும் செராமிக் கோட்டிங்கும் அப்படியல்ல. அவை இறுக்கமாகப் பிடிப்பவை, அவற்றின் விஷயத்தில் அந்தக் கவலை நியாயமானதே. சாதாரண வாக்ஸைப் பொறுத்தவரை, அதைப் போடும் விதமே பெரிய தீங்கு என்பது நான் கண்டது. களி போலிருக்கும் மேற்பரப்பில் துணியை அழுத்தித் தேய்க்கிறோம். போதாக்குறைக்கு, டப்பாவில் ‘அழுக்கு நீக்கி மினுக்கும்’ என்று எழுதியிருந்தால் உள்ளே கரைப்பானும் நுண்ணிய தேய்ப்புத் தூளும் இருக்கின்றன என்று அர்த்தம். நான் வாங்கியது அந்த வகைதான்.

இங்கே ஒரு சொல் பெரிய குழப்பம் செய்கிறது. நாம் எல்லாவற்றையும் ‘பாலிஷ்’ என்கிறோம். பட்டறைக்காரர் ஓரிரு நாள் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தூசிப் பொட்டுகளைத் தேய்த்தெடுத்து, காம்பவுண்டு என்னும் தேய்ப்புப் பசை போட்டு மெஷினால் மெருகேற்றுவதும் பாலிஷ். நாம் வீட்டில் மெழுகு பூசுவதும் பாலிஷ். முன்னது பெயின்டைச் சிறிது சுரண்டிச் சமப்படுத்தும் வேலை, பின்னது அதன் மேல் ஒரு படலம் ஏற்றும் வேலை. புதுப் பெயின்டில் முன்னதைத் தொழில் தெரிந்தவர் தாராளமாகச் செய்யலாம். மெழுகும் சிலிக்கோனும் கலக்காத மெருகுப் பொருள்கள் புதுப் பெயின்டுக்கென்றே தனியாக விற்கின்றன, அவற்றையும் போடலாம். ‘பாலிஷ் போடலாமா?’ என்று பொதுவாகக் கேட்டால் ‘போடலாமே’ என்றுதான் பதில் வரும். எந்தப் பாலிஷ் என்று கேட்க வேண்டும்.

என் கதவின் கதை அதோடு முடியவில்லை. மூன்றாம் வாரம், பட்டி போட்ட இடத்தைச் சுற்றி வரைபடத்தில் தீவைக் குறிப்பது போல ஒரு கோடு மேலெழுந்து தெரிய ஆரம்பித்தது. பெயின்ட் வற்றிச் சுருங்கும்போது அடியிலிருக்கும் பட்டியின் ஓரமும் வாட்டர் பேப்பர் கோடுகளும் இப்படி முகம் காட்டும். பொறுத்திருந்தால் இந்தக் குறை மட்டுமே வெளிப்பட்டிருக்கும்; தேய்த்து மறுபடி அடித்தால் சரியாகியிருக்கும். இப்போதோ கதவில் என் வாக்ஸ் இருந்தது. அதிலிருந்த சிலிக்கோன் ஒட்டியிருக்கும் இடத்தில் புதுப் பெயின்ட் நிற்காது. எண்ணெய்த் தட்டில் ஊற்றிய தண்ணீர் போல விலகி, அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகளாகும். மெழுகு நீக்கும் திரவத்தால் இரண்டு முறை துடைத்தும் முதல் கோட்டில் ஏழெட்டுக் குழிகள் விழுந்தன. அதையும் தேய்த்தெடுத்து மறுபடி அடித்தார்கள். கூடுதல் செலவு 3,500 ரூபாய். பட்டறைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. புதுப் பெயின்டில் ஏதாவது குறை தெரிந்து மறுவேலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தால், அது தெரியவரும் காலமும் இந்த முதல் இரண்டு மூன்று மாதங்கள்தான். வாக்ஸைத் தள்ளிப்போட இந்த ஒரு காரணமே போதும்.

இரண்டாம் முறை அடித்த கதவை எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீரும் கார் ஷாம்புவும் மட்டும் விட்டு, நிழலில், கையால் கழுவினேன். வாட்டர் சர்வீஸ் கடையில் பிரஷர் பம்பை அந்தக் கதவின் ஓரங்களில் நேராகக் காட்ட விடவில்லை. காக்கை எச்சம் விழுந்தால் ஈரத் துணியைப் போட்டு ஊறவிட்டு எடுத்தேன். வெறுந்துணியால் துடைப்பதை நிறுத்தினேன். பாடி கவர் போடவில்லை. கவருக்குள் காற்றோட்டம் இல்லாமல் பெயின்ட் புழுங்குவதுடன், துணியின் நெசவே மேற்பரப்பில் பதிந்துவிடும். ஸ்டிக்கரும் ஒட்டவில்லை.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை உண்டு. பெயின்ட் அடித்து வந்ததும் வண்டிக்குப் பூஜை போடுவோம். ஆயுத பூஜைக்குப் பத்து நாள் முன்பு வண்டியைப் பட்டறையில் விடுபவர்கள் ஏராளம். சந்தனத்தைக் குழைத்து பானட்டில் மூன்று கோடு இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, மாலையைப் போட்டு, ஒரு வாரம் அப்படியே வெயிலில் விடுகிறோம். குங்குமம் மஞ்சளோடு சுண்ணாம்புச் சத்து சேர்ந்து சிவந்தது. மலிவுக் குங்குமத்தில் சாயமும் இருக்கும். இறுகாத கிளியர் கோட்டில் அது இறங்கிவிட்டால் கறை காம்பவுண்டுக்குக்கூடப் போகாது. மாலைக் கயிறு காற்றில் ஆடி அரைப்பதும் உண்டு. பொட்டை நம்பர் பிளேட்டிலோ கண்ணாடியிலோ வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது என்று என் அம்மாவை ஒருவழியாக ஒப்புக்கொள்ள வைத்தேன்.

அந்தக் கதவு எண்பது நாள் கழித்துத்தான் வாக்ஸைப் பார்த்தது. இன்றுவரை நன்றாக இருக்கிறது.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். 2021 ஆவணியில் புதுக் கார் வாங்கியபோது நான் அந்தப் பூனையாக இருந்தேன். டெலிவரி நாளன்று ஷோரூமில் ஓர் இளைஞர் டெஃப்லான் கோட்டிங் போட்டுக்கொள்ளும்படி வற்புறுத்தினார். “புதுப் பெயின்ட், மூன்று மாதம் போகட்டும்” என்று விஷயம் தெரிந்தவன் போலச் சொல்லி மறுத்தேன். விலையைச் சொல்லி மறுத்திருந்தால் சரி. சொன்ன காரணம் முழுத் தவறு.

தொழிற்சாலையில் காருக்குப் பெயின்ட் அடிக்கும்போது அதில் சீட் இல்லை, டயர் இல்லை, ஒயர் இல்லை; வெறும் இரும்புக் கூடு மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கூட்டை முதலில் மின்னூட்டமுள்ள பிரைமர் தொட்டியில் முக்கி எடுத்து, ஏறத்தாழ 160 முதல் 180 டிகிரி வரை சூட்டில் வேகவைக்கிறார்கள். பிறகு நிறமும் கிளியர் கோட்டும் அடித்து, ஏறத்தாழ 140 டிகிரியில் மறுபடி அடுப்பில் விடுகிறார்கள். வெளியே வரும்போது பெயின்ட் முழுக்க இறுகியிருக்கும். முழுதாகப் பூட்டிய காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. பிளாஸ்டிக்கும் ரப்பரும் கெட்டுவிடும். அதனாலேயே பட்டறைகளுக்கென்று குறைந்த சூட்டிலும் வெறுங்காற்றிலும் இறுகும் ஹார்டனர் பெயின்ட் தனியாக உண்டானது. தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், கார் ஒரகடத்திலிருந்தோ இருங்காட்டுக்கோட்டையிலிருந்தோ கிளம்பி, வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டில் சில வாரம் நின்று, நம் கைக்கு வரும்போது எதற்கும் காத்திருக்க வேண்டிய நிலையில் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே கழுவித் துடைத்து வாக்ஸ் போடலாம். வழியில் ஏதாவது உரசி, யார்டிலேயே ஒரு பாகத்துக்குப் பெயின்ட் அடித்திருந்தால் அந்தப் பாகம் மட்டும் பட்டறைக் கணக்கில் சேரும். பெயின்டின் கனத்தை அளக்கும் கருவி அதைக் காட்டிக்கொடுக்கும்: தொழிற்சாலைப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்கும், ஒரு கதவு மட்டும் 250 காட்டினால் கேள்வி கேட்கலாம்.

இதெல்லாம் தெரியாமல் நான் காத்திருந்த மூன்று மாதத்தில் நடந்தது இது. என் குடியிருப்பு மாம்பலம் ரயில் பாதையை ஒட்டியது. பார்க்கிங்கில் என் இடம் புங்க மரத்தின் கீழ். மரத்திலிருந்து பிசுபிசுப்பு சொட்டியது. காக்கைகள் தம் கடமையைச் செய்தன. காலையில் ஆறு வண்டிகளைத் துடைப்பவர், ஒரே வாளியில், ஒரே துணியில், நான்காவதாக என் வண்டிக்கு வந்தார். போர்வெல் தண்ணீர் வெயிலில் காய்ந்து, பானட் முழுக்க வெள்ளை வளையங்களை விட்டது. இவை அத்தனையும் மெழுகின் மேல் விழ வேண்டியவை. மெழுகு இல்லாததால் நேராகக் கிளியர் கோட்டின் மேல் விழுந்தன.

மூன்று மாதம் முடிந்த ஞாயிறன்று, கழுவித் துடைத்த பானட்டின் மேல் மெல்லிய பாலிதீன் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். வெறுங்கைக்கு வழுவழுப்பாகப் பட்ட பரப்பு, பைக்குள்ளிருந்த விரலுக்கு ரவையைக் கொட்டியது போல நறநறத்தது. ரயில் சக்கரத்திலிருந்தும் பிரேக்கிலிருந்தும் பறக்கும் இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டு துருப்பிடிக்கத் தொடங்கியிருந்தன. அவற்றை அகற்றும் திரவத்தைத் தெளித்ததும் வெள்ளைக் காரின் மேல் கத்தரிப்பூ நிறத்தில் கோடு கோடாக வழிந்தது. அதற்குப் பின் களிமண் கட்டி போன்ற கிளே பாரால், சோப்புத் தண்ணீர் தெளித்துத் தெளித்து, மற்றதை எடுத்தேன். தண்ணீர் வளையங்களில் பாதி, வெள்ளை வினிகரில் சமஅளவு தண்ணீர் கலந்து துடைத்ததில் போயின. காக்கை எச்சம் அரித்த மூன்று தடங்கள் எதற்கும் அசையவில்லை. காம்பவுண்டு போட்டுத்தான் மட்டுப்படுத்த முடிந்தது. காம்பவுண்டு போடுவதென்றால் கிளியர் கோட்டைச் சிறிது இழப்பது. அதன் மொத்தக் கனமே 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. மூன்றே மாதம் ஆன காரில் அந்த மூலதனத்திலிருந்து செலவழிக்க வேண்டியதாயிற்று.

புதுக் கார்தானே என்று கழுவாமல் வாக்ஸ் போடுபவர்களுக்கும் இந்தப் பாலிதீன் பைச் சோதனையைச் சொல்வேன். யார்டில் நின்ற வண்டியில் இரும்புத் துகள் முதல் நாளே இருக்கலாம். அதன் மேல் மெழுகு பூசினால் துகளோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறோம்.

போடும் முறையில் நான் கற்றது அதிகமில்லை. நிழலில், தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும் தகட்டில் போட வேண்டும். சித்திரை வெயிலில் நின்ற பானட்டில் போட்டால் மெழுகு கருகின மாதிரி ஒட்டி, துடைக்கத் துடைக்கக் கோடு விழும். ஒரு கதவுக்கு ஒரு சுண்டுவிரல் நுனியளவு போதும். கனமாகப் போட்டதெல்லாம் துணியில்தான் போய்ச் சேரும். மூடுபனி போல வெளுத்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, கோடு பளிச்சென்று தெரிந்தால் மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் துடைக்கலாம். கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களில் பட்டால் வெள்ளையாகக் காய்ந்து அசிங்கமாக நிற்கும் என்பதால் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுவேன். பட்டறையில் புதிதாகப் பெயின்ட் அடித்த பாகத்தில் மட்டும் டேப் ஒட்டமாட்டேன். கார்னாபா சென்னை வெயிலில் எனக்கு ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு மேல் நின்றதில்லை. பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவினால் அதுவும் நிற்காது. ஆண்டில் இரண்டு முறைதான் முடியும் என்பவர்கள், கோடை தொடங்கும் முன் ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த அக்டோபரில் முன் பம்பர் ஒரு தூணில் இடித்து, பட்டறையில் பெயின்ட் அடித்து வந்தது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அவர்களும் அதிகம் சூடேற்றவில்லை. மழைக்கு முன் வண்டி முழுவதற்கும் வாக்ஸ் போட்டபோது பம்பரை விட்டுவிட்டேன். தீபாவளிக்குப் பின் பெய்த மழையில் வண்டியைப் பார்த்தால், பானட்டில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது; பம்பரில் மட்டும் தகடாகப் படர்ந்து நிற்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அங்கே போட மறந்துவிட்டேன் என்று நினைத்து, தன் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினார். ஜனவரியில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.